பீடத்தின் பின்பக்கம்: வெண்கலச் சிற்பக் காட்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தனியார் சேகரிப்புகளில் இருக்கும் ஆசிய வெண்கலச் சிற்பங்களை இரவலாக வாங்கிவந்து காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்களின் இயக்குநர்களுக்கும் காப்பாட்சியர்களுக்கும்,

வணக்கம்.

தமிழில்தான் எழுதுகிறேன். இதைப் படித்துச் சொல்ல உங்களுக்கு ஒரு தமிழ் ஆள் வேண்டியிருக்கும். தேடிப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மடலைப் படித்து முடித்ததும் அனுப்பிவிடாதீர்கள், அவருக்கு உங்களிடம் வேறு வேலையும் இருக்கிறது.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த நகரத்து அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு காட்சி நடந்துகொண்டிருந்தது. எந்த நகரம், எந்த அருங்காட்சியகம் என்று எழுதப்போவதில்லை. ஒரு பணக்காரக் குடும்பம் இரண்டு தலைமுறையாகச் சேர்த்தவை என்றார்கள். ஜாவாவிலிருந்து உள்ளங்கைக்குள் அடங்கும் போதிசத்துவர், நேபாளத்துத் தங்கமுலாம் தாரை, கம்போடியாவிலிருந்து நான்கு கை விஷ்ணு, தாய்லாந்துப் புத்தர். கடைசி அறையில், கறுப்புத் துணிச் சுவருக்கு முன்னால், மேலிருந்து ஒரே ஒரு விளக்கு விழ, எங்கள் பக்கத்து அம்பாள்.

கீழே சின்ன அட்டை. பார்வதி, தென்னிந்தியா, 12ஆம் நூற்றாண்டு, வெண்கலம், தனியார் சேகரிப்பு. அவ்வளவுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அம்பாளைப் புடவை இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். எங்கள் ஊரில் உற்சவரைப் பார்ப்பதென்றால் முகம், கை, பாதம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் பட்டும் மாலையும். அபிஷேகத்தின்போதுகூட அலங்காரம் மாற்றும் நேரத்தில் திரை விழுந்துவிடும். திரைக்குப் பின்னால் இருப்பது குருக்கள் மட்டும்தான். அதனால் இடுப்பு ஒசிந்து நிற்கும் அந்த நிலை, பூப் பிடிக்க வளைந்த வலக்கை விரல்கள், முதுகில் இறங்கும் பின்னல், இதையெல்லாம் எனக்குக் காட்டியது நீங்கள்தான். முதலில் கூச்சமாக இருந்தது. பத்து நிமிஷம் கழித்துக் கூச்சம் போய் வாய் பிளந்து நின்றேன். அந்த நன்றி இந்த மடலில் இருக்கட்டும்.

அதற்குப் பிறகுதான் பீடத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கனமான வளையங்கள். பார்க்க வந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. உங்கள் அட்டையிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் தாத்தா ஸ்ரீபாதந்தாங்கி. சாமி புறப்பாட்டுக்குத் தோள் கொடுப்பவர். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்புக் காய்த்திருக்கும். சின்ன வயதில் அதை அழுத்திப் பார்த்து விளையாடியிருக்கிறேன். அந்த வளையத்தில் கயிறு கோத்துப் பல்லக்கின் தண்டோடு இறுக்கிக் கட்டுவார்கள், சாமி ஆடாமல் இருக்க. வளையத்தின் உள்பக்கம் கயிறு உரசி உரசி வழவழவென்று ஆகியிருக்கும். கண்ணாடிக்குள் இருந்த அம்பாளின் வளையமும் அப்படித்தான் இருந்தது. முகமும் கொஞ்சம் மழுங்கியிருந்தது. அது மண்ணுக்குள் கிடந்த மழுங்கல் இல்லை. புளியும் விபூதியும் போட்டுத் தலைமுறை தலைமுறையாகத் துலக்கிய மழுங்கல். இவள் யாரோ ஒருவரின் சேகரிப்பில் பிறந்தவள் இல்லை. ஒரு தெருவில், குறிப்பிட்ட சில வீட்டு வாசல்களில் நின்று தீபாராதனை வாங்கிக்கொண்டு போனவள். அந்தத் தெரு எது என்பதுதான் என் கேள்வி.

‘தனியார் சேகரிப்பு’ என்ற இரண்டு சொல்லை நீங்கள் ஊர்ப்பெயர் போல எழுதுகிறீர்கள். அதற்குள் என்னென்ன ஒளிந்திருக்க முடியும் என்று உங்களுக்கே தெரியும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம் என்று ஒரு ஊர். அங்கே 1951இல் பூமிக்கடியிலிருந்து செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அதில் ஒரு நடராஜர். பழுது பார்க்க ஸ்தபதியிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். அசல் பம்பாய் வழியாக அமெரிக்கா போய், கடைசியில் கலிபோர்னியாவின் பெரும் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் சேர்ந்தது. ஊர் கும்பிட்டுக்கொண்டிருந்தது நகலை. 1973இல் பத்திரிகைக்காரர் கேட்டபோது சைமன் மறைக்கவே இல்லை. ஆமாம், கடத்தி வந்ததுதான், இரண்டு வருஷத்தில் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் ஆசியக் கலைப்பொருள் வாங்கியிருக்கிறேன், அதில் பெரும்பாலானவை கடத்தி வந்தவைதான் என்றார். அப்படிச் சொல்லவில்லை என்று பின்னால் மறுத்தார், அது வேறு கதை. வழக்கு சமரசமாகி, பத்து வருஷம் அவருடைய அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு, 1986இல் நடராஜர் இந்தியா திரும்பினார்.

பழைய கதை, இப்போதெல்லாம் நாங்கள் ஆவணம் பார்த்துத்தான் காட்சிக்கு வைக்கிறோம் என்பீர்கள். ஆவணத்தைப் பற்றியும் பேசுவோம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில் நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரின் நியூயார்க் கடையிலிருந்து 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. சும்மா வாங்கவில்லை, ஆவணம் பார்த்துத்தான் வாங்கியது. டெல்லியில் பணியாற்றிய சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970 வாக்கில் வாங்கியது, அவர் மனைவி பிறகு விற்றது என்று காகிதம் இருந்தது. அதாவது, முன்பும் ஒரு ‘தனியார் சேகரிப்பு’. சூடான் அதிகாரி நடராஜரை வைத்திருந்ததாகக் காகிதம் சொன்ன அத்தனை வருஷமும் நடராஜர் ஸ்ரீபுரந்தானில்தான் இருந்தார். பிறகு சாமிகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அதிகாரிகள் வந்து பூட்டைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்பதே தெரிந்தது. 2014 செப்டம்பரில் திருப்பிக் கொடுத்தார்கள். கபூருக்கு 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது.

இந்தக் காகிதங்களில் ஏன் எப்போதும் 1970ஐ ஒட்டியே வருஷம் வருகிறது? கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. அதற்கு முன்பே கைமாறியது என்று காட்டிவிட்டால் உங்கள் சட்ட ஆலோசகர் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் இந்தியாவிலிருந்து தொல்பொருளை அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற சட்டம் 1947லேயே வந்துவிட்டது. 1970 உங்கள் ஊர்க் கணக்கு, எங்கள் ஊர்க் கணக்கு 1947. 1965இல் வாங்கியது என்று நீங்கள் பெருமையாக எழுதும்போது, அதற்கான ஏற்றுமதி அனுமதிக் காகிதம் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்து விஷயம் சரியாக இந்த இடைவெளியில் விழுந்த ஒன்று. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் சுந்தரபெருமாள்கோயில் என்று ஊர். ரயிலில் போனால் ஸ்டேஷன் பெயர்ப்பலகை பார்த்திருப்பீர்கள். அங்கே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் ஒரு மீட்டர் உயரத்தில், கையில் வாளும் கேடயமுமாக, திருமங்கையாழ்வார் இருந்தார். 16ஆம் நூற்றாண்டு வேலை. ஆஷ்மோலியன் அவரை 1967இல் லண்டன் சதபீஸ் ஏலத்தில் வாங்கியது. அட்டையில் என்ன இருக்க முடியும்? ஜே. ஆர். பெல்மாண்ட் என்ற சேகரிப்பாளரின் சேகரிப்பு. மரியாதையான பெயர். ஏலக் கடை மரியாதையானது. வாங்கிய பல்கலைக்கழகம் அதைவிட மரியாதையானது.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1950களின் நடுவிலிருந்து அவர்கள் கோயில் கோயிலாகப் போய் மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கறுப்பு வெள்ளைப் படங்கள். அதில் 1957இல் எடுத்த ஒரு படத்தில் அதே ஆழ்வார், அதே வாள், அதே கேடயத்தோடு சுந்தரபெருமாள்கோயிலில் நிற்கிறார். 2019இல் ஆய்வாளர் ஒருவர் அதைக் காட்டிய பிறகு, ஆஷ்மோலியனே இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. அந்த நேர்மையைச் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச்சில் பல்கலைக்கழகம் திருப்பித்தர இசைந்தது. இந்தப் பக்கம் எங்கள் சிலைக் கடத்தல் தடுப்புப் போலீஸ் விசாரித்தபோது, கோயிலில் இருந்த ஆழ்வார் மாற்றுச் சிலை என்றார்கள். அதாவது 1957க்கும் 1967க்கும் நடுவில் யாரோ அசலை எடுத்துவிட்டு நகலை நிறுத்தியிருக்கிறார்கள். நகலுக்கே அத்தனை வருஷமும் திருமஞ்சனம், புறப்பாடு எல்லாம் நடந்திருக்கிறது. ஊரில் எவருக்கும் தெரியாது. எங்கள் குறையும் அதில் இருக்கிறது. உடம்பெல்லாம் பட்டு சுற்றி முகத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

திருமங்கையாழ்வார் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர் வழிப்பறி செய்து அடியார்களுக்குச் சோறு போட்டவர். ஸ்ரீரங்கத்து மதில் கட்டப் பணம் போதாமல் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரையே திருடி உருக்கினார் என்று வைணவர்களின் குருபரம்பரைக் கதை சொல்கிறது. சிலை திருடிய ஆழ்வாரையே சிலையாகத் திருடிக்கொண்டு போனார்கள். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த சுமார் 350 புத்த வெண்கலங்களும் உலகம் முழுக்கச் சிதறியிருக்கின்றன. உங்கள் காட்சிகளில் ‘நாகப்பட்டினம்’ என்று ஊர் பெயரோடு அட்டை பார்ப்பது அநேகமாக அவற்றுக்குத்தான். புத்தருக்கு எழுத முடிகிற ஊர்ப் பெயரை அம்பாளுக்கு எழுதக் கூடாதா?

வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆசியக் கலை அருங்காட்சியகம் மூன்று வெண்கலங்களைத் திருப்பித் தருவதாக 2026 ஜனவரியில் அறிவித்தது. திருத்துறைப்பூண்டி பிறவி மருந்தீசர் கோயில் நடராஜர், ஆலத்தூர் சோமாஸ்கந்தர், வீரசோழபுரத்துச் சுந்தரரும் அவர் மனைவி பரவையும் சேர்ந்த ஒரு சிற்பம். மூன்றையும் காட்டிக்கொடுத்தவை அதே புதுச்சேரிப் படங்கள், 1956க்கும் 1959க்கும் இடையே எடுத்தவை. பின்னவை இரண்டும் ஆர்தர் சாக்லர் என்ற தனியார் சேகரிப்பாளர் கொடுத்த நன்கொடையில் வந்தவை. பரவையின் ஊடல் தீர்க்க நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் தூது நடந்த சிவன், அவர்கள் இருவருக்காக வாஷிங்டனுக்கும் ஒரு முறை போக வேண்டியிருந்தது போலும்.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. நடராஜர் மட்டும் நீண்டகாலக் கடனாக அங்கேயே இருப்பார், எப்படி வந்தார் என்ற கதையோடு காட்சியில் நிற்பார் என்று ஏற்பாடு. ஆஸ்திரேலியாவும் இதைச் செய்திருக்கிறது. டக்ளஸ் லாட்ச்ஃபோர்டிடம் 2011இல் 15 லட்சம் டாலருக்கு வாங்கிய, சாம்பா என்ற பழைய நாட்டு வெண்கலங்கள் மூன்றும் கம்போடியாவுக்குச் சொந்தம் என்று 2023இல் ஒத்துக்கொண்டு, அங்கே இடம் தயாராகும்வரை கடனாக வைத்துக்கொண்டது. லாட்ச்ஃபோர்டும் தனியார் சேகரிப்பாளர்தான். கம்போடியாவின் கெமர் கலைக்கு அவரைப் பெரிய அத்தாரிட்டி என்று நீங்களெல்லாம் கொண்டாடினீர்கள். 2019இல் அமெரிக்க அரசு அவர் மேல் கடத்தல் குற்றச்சாட்டுப் பதிவு செய்தது. வழக்கு நடப்பதற்குள் இறந்துபோனார். ஆக, நான் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. யாருடையது என்று சொல்லிவிட்டுக் காட்டுங்கள் என்கிறேன்.

திருப்பிக் கொடுத்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். பத்தூர் நடராஜருக்காக லண்டன் நீதிமன்றத்தில் பத்தூர்க் கோயிலே வாதியாக நின்று ஜெயித்தது. 1991இல் திரும்பி வந்தார். வந்தவர் பத்தூருக்குப் போகவில்லை. திருவாரூர்ச் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். ஸ்ரீபுரந்தான் நடராஜருக்குக் கும்பகோணத்து மையம். எங்கள் ஊர் உற்சவர்களும் ஒரு மையத்தில்தான் இருக்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்குப் போலீஸ் துணையோடு வேனில் வருவார்கள், ராத்திரி புறப்பாடு முடிந்ததும் மறுநாள் அதே வேனில் போய்விடுவார்கள். வேன் கிளம்பும்போது கிழவிகள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். இரும்பு அலமாரியில் வரிசையாக நிற்பதைவிட உங்கள் ஒற்றை விளக்கு மேல் என்று ஒரு கணம் எனக்கே தோன்றியதுண்டு. ஆனால் அந்த அலமாரியில் ஒவ்வொரு சாமியின் கழுத்திலும் ஊர்ப் பெயர் எழுதின சீட்டுத் தொங்குகிறது. பூட்டு எங்கள் வீட்டுச் சண்டை. அதை நாங்கள் எங்கள் அதிகாரிகளோடு போட்டுக்கொள்கிறோம். அதைச் சாக்காக வைத்துச் சீட்டு எழுதாமல் இருக்காதீர்கள்.

ஊரைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் கையில் என்னென்ன கருவி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு நடராஜர் இருக்கிறார். ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் ஒன்று 1935இல் பாரிஸ் வியாபாரியிடம் வாங்கியது. 2024இல் அங்கே நடந்த ஆசிய வெண்கலக் காட்சியின் பெரிய ஆள் அவர்தான், 300 கிலோ. உள்ளே பொள்ளலா, கனமா என்று பார்க்க அவரை லாரியோடு ரோட்டர்டாம் துறைமுகத்துச் சுங்க எக்ஸ்ரே சுரங்கத்துக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். கப்பல் பெட்டிகளில் கடத்தல் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க வைத்த இயந்திரம்! முழுக்கக் கன வார்ப்பு என்று தெரிந்தது. சுவாமிமலையில் எந்த ஸ்தபதி பட்டறையில் கேட்டிருந்தாலும் டீ குடித்துக்கொண்டே சொல்லியிருப்பார், உற்சவரைப் பொள்ளலாக வார்க்க மாட்டோம் என்று. என் தாத்தாவின் தோளைக் கேட்டிருந்தால் அதுவும் சொல்லியிருக்கும்.

அவ்வளவு தூரம் போகிறவர்கள், காட்சி திறக்க ஆறு மாதம் இருக்கும்போதே ஒவ்வொரு சிற்பத்தின் படத்தையும் புதுச்சேரிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம். நேபாளத்துப் பொருளைக் காத்மாண்டுவுக்கும், கெமர் பொருளை ப்னோம் பென்னுக்கும் அனுப்பலாம். அனுப்பினோம், இதுவரை ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையே அட்டையில் எழுதுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. சேகரிப்பாளர் யாரிடம், எந்த வருஷம் வாங்கினார் என்பதையும் எழுதுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தச் சிற்பத்தைக் காட்சிக்கு எடுக்காதீர்கள். அவருக்கு நீங்கள் செய்யும் உபகாரம் கொஞ்சமில்லையே! உங்கள் கட்டடத்தில் மூன்று மாதம் நின்று, உங்கள் கேட்டலாக்கில் ஒரு பக்கம் அச்சான பிறகு அதே சிற்பத்தின் ஏல விலை என்ன ஆகும் என்பதை நீங்களும் அறிவீர்கள், அவரும் அறிவார்.

தமிழ் ஆள் எதற்கு என்பதற்கு வருகிறேன். அன்றைக்கு அந்த அம்பாளைச் சுற்றிவந்து பின்பக்கம் போனேன். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவு சந்து. குனிந்து பார்த்தால் பீடத்தின் பின்விளிம்பில் எழுத்து வெட்டியிருக்கிறது. களிம்பு ஏறி, விளக்கு வெளிச்சமும் படாத இடம். புள்ளி வைக்காத பழைய எழுத்து. சிலை 12ஆம் நூற்றாண்டு என்றால் எழுத்து அதற்குப் பல தலைமுறை பிந்தியது, இல்லாவிட்டால் என் போன்ற ஆள் படிக்க முடியாது. ந. ல. லூ. அதற்குள் காவலர் வந்து, அங்கே நிற்கக் கூடாது ஐயா என்று மரியாதையாகத்தான் சொன்னார். நல்லூர் என்று எங்கள் தஞ்சைப் பக்கம் எத்தனையோ இருக்கிறது. எந்த நல்லூர் என்பது அந்த மூன்று எழுத்துக்கு முன்னாலோ பின்னாலோ இருந்திருக்கும். அல்லது அது கோயில் பெயராக இல்லாமல் உபயம் செய்தவரின் ஊராகவும் இருக்கலாம்.

காட்சி முடிந்து அம்பாள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாள். உங்களில் அந்தக் காட்சியை நடத்தியவர் யாரோ அவருக்கு இந்த மடல் கிடைத்தால், அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு, பீடத்தின் பின்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கம் வேண்டாம், அது எனக்கு மனப்பாடம்.

இப்படிக்கு,
ஸ்ரீபாதந்தாங்கி ஒருவரின் பேரன்